உங்கள் இடது பக்கத்தில் கலங்கரை விளக்கம்

பிப்ரவரி 2

அன்புள்ள ரேடியோவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் நலம். நீ நலமா என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதமே. வேறு எந்த வழியிலும் உன்னைப் பிடிக்க முடியவில்லை.

ஞாயிறு தவறாமல் போன் செய்கிறேன். நீ குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில் மணி அடிக்கிறது. எடுக்கிறவர் எப்போதும் கீழ்மாடியில் இருக்கும் உன் பேருந்து ஓட்டுநர்தான். "அவர் குளிச்சிட்டு இருக்காருங்க" என்கிறார். அடுத்த வாரமும் குளிக்கிறாய். அதற்கடுத்த வாரமும் குளிக்கிறாய். என்னடா, சுற்றுலாப் பேருந்தில் வழிகாட்டி வேலை பார்க்கிறாயா, இல்லை சுரங்கத்தில் நிலக்கரி அள்ளுகிறாயா? கடைசியாகப் பேசியபோது உன் தொண்டை கரகரவென்று இருந்தது. மருத்துவரைப் பார் என்றேன். "நாள் பூரா மைக்கில கத்துறவன் தொண்டை குயில் மாதிரியா இருக்கும்" என்று என் வாயை அடைத்துவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். பிறந்ததிலிருந்து என்னை ஒரு வாக்கியமாவது முழுதாக முடிக்க விட்டிருக்கிறாயா? கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பார், எவ்வளவு நீளமாக எழுதுகிறேன், குறுக்கே ஒருத்தன் வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். மாமாவுக்கு மே மாதம் விடுமுறை கிடைத்திருக்கிறது. லிஃப்ட் பழுது பார்க்கிறவருக்கு விடுமுறை கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று உனக்கே தெரியும். இவர் ஒரு நாள் படுத்தால் ஊரில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறார். நானும் கடையில் சொல்லிவிட்டேன். திரைச்சீலை தைக்க நான் இல்லையென்றால் கொஞ்ச நாள் ஊர் ஜன்னல்களெல்லாம் திறந்தே கிடக்கட்டும். நாங்கள் வருகிறோம். "வா வா, மைக்கைப் பிடிச்சு ஊரையே சுத்திக் காட்டுறேன்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் அல்லவா? காட்டு.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுது. கலங்கரை விளக்கத்தில் ஏறியே தீருவேன். அங்கே லிஃப்ட் உண்டா என்று மாமா கேட்கிறார். இருந்தால் கடலை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். போனை எடு.

உன் வாத்து


பிப்ரவரி 8

ஓட்டுநர் அண்ணனுக்கு,

மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்குக் கடிதம் எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முன்பென்றால் படியில் நின்று ஒரு சத்தம் போட்டிருப்பேன். இப்போது கதவிடுக்கில் சொருக வேண்டியிருக்கிறது.

அக்கா கடிதம் போட்டிருக்கிறாள். மே மாதம் வருகிறாளாம். படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவளுக்கு ஒன்றுமே தெரியாது. தொண்டையில் கட்டி வந்தது தெரியாது, அறுவை சிகிச்சை தெரியாது, கட்டியோடு குரலும் போனது தெரியாது. மருத்துவமனையில் கூடவே கிடந்தவர் நீங்கள்தான். இனி உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரலை எதிர்பார்க்காதீர்கள் என்று அந்த மருத்துவர் சொன்னபோது என் முகத்தைவிட உங்கள் முகம்தான் மோசமாக இருந்தது.

என் அக்காவுக்கு நான் ரேடியோ. பேசப் பழகிய நாளிலிருந்து வாய் ஓயாதவன். அவள் எதிரே வந்து நிற்க, நான் வாயைத் திறக்க, வெறும் காற்று வர, அவள் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டுமா? எனக்கு அந்தத் தைரியம் இல்லை அண்ணே. பேச்சை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. எப்படியாவது இந்தப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். போன் வந்தால் குளிக்கிறேன் என்றே சொல்லுங்கள். நடுவில் ஒரு தடவை துணி துவைக்கிறேன் என்றும் சொல்லுங்கள், ஒரே காரணம் அலுத்துப்போகும்.

மூட்டு வலி எப்படி இருக்கிறது? தைலம் என் ஜன்னல் ஓரம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடி


பிப்ரவரி 10

அன்புள்ள வாத்துக்கு,

நலம், நலம், குண்டுக்கல் மாதிரி நலம். மாமாவுக்கு என் வணக்கம். கலங்கரை விளக்கத்தில் லிஃப்ட் இல்லை, படிதான். அவர் பயப்படாமல் வரலாம்.

போனுக்கு என்னைத் திட்டாதே. உப்புக் காற்று கம்பியை அரித்துவிட்டது. நீ பேசினால் இங்கே கேட்கும், நான் பேசினால் உனக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மணிக்கூண்டு. பேருந்து அங்கேதான் புறப்படும். நாலு பக்கமும் நாலு கடிகாரம், நாலும் நாலு நேரம் காட்டும். ஊர்க்காரர்கள் இதைச் சரி செய்யவே இல்லை, ஏனென்றால் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. வேலைக்குத் தாமதமாகிவிட்டதா, மேற்கு முகத்தைப் பாருங்கள், இன்னும் நேரம் இருக்கும். வேலை முடிந்து எப்போது கிளம்பலாம் என்று தவிக்கிறீர்களா, கிழக்கு முகத்தைப் பாருங்கள், எப்போதோ நேரமாகியிருக்கும். காதலித்துக் காத்திருக்கிறவர்கள் மட்டும் எந்தப் பக்கமும் பார்க்க வேண்டாம்.

அடுத்தது அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் கூரையில் திமிங்கில எலும்புக்கூடு தொங்கும். அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்த படகு மாதிரி இருக்கும். அதன் விலா எலும்புக்குள் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய வீடு சும்மா கிடப்பதைப் பார்க்க அதற்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. காவலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பார். வருகிறவர்கள் முதலில் திமிங்கிலத்தைப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம் கழித்துக் குருவியைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் திமிங்கிலத்தைப் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு சங்கடம். கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். எப்போது முடியுமோ தெரியாது. நீ ஆசைப்பட்டது அதற்குத்தானே? பேசாமல் அடுத்த வருடம் வாயேன்.

உன் ரேடியோ


மார்ச் 1

அன்புள்ள ரேடியோவுக்கு,

நலம். மாமாவுக்கு லேசாகச் சளி, பெரிதாக ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைக் கடைக்கு எடுத்துப்போனேன். எதிரே உட்கார்ந்து தைக்கிறவள் "என்னக்கா தனியா சிரிக்கிறீங்க" என்று கேட்டாள், சத்தமாகப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு மெஷினாக நின்றது. குருவி வந்ததும் கடைசி மெஷினும் நின்றுவிட்டது. முதலாளியம்மா உள்ளிருந்து ஓடிவந்தார், மின்சாரம் போய்விட்டதோ என்று. பிறகு அவரும் உட்கார்ந்துகொண்டார். வாத்துக் குரல் என்று என்னைச் சின்ன வயதிலிருந்து கேலி செய்தாயே, அந்த வாத்துக் குரலைப் பத்துப் பேர் வாயைப் பிளந்து கேட்டார்கள். அடுத்த கடிதம் எப்போது என்று தினமும் நச்சரிக்கிறார்கள்.

இப்போது நீ பதில் சொல். உப்புக் காற்று உன் பேச்சை மட்டும்தான் அரிக்குமா? அதே கம்பியில் ஓட்டுநர் பேசுவது எனக்கு மணி மணியாகக் கேட்கிறதே! எனக்கே காது குத்துகிறாயா?

வெள்ளையடிப்பும் அப்படித்தான். மாமா கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு தூணுக்கு மே மாதம் வரை வெள்ளையடிக்கிறார்கள் என்றால் மூக்குப்பொடி டப்பாவில் சுண்ணாம்பு கரைக்கிறார்களா என்று கேட்கிறார். நாங்கள் மே மாதம்தான் வருகிறோம். வெளியில் நின்றாவது பார்க்கிறோம்.

இந்த மாதக் கடைசியில் என் பிறந்த நாள். அன்று கடைக்குப் போன் செய். கடிதம் நன்றாகத்தான் இருக்கிறது. பத்திரமாக அடுக்கி வைக்கிறேன். ஆனால் எனக்கு உன் குரல் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவையாவது என்னை யாராவது குறுக்கிட்டுப் பேச வேண்டாமா?

வாத்து


மார்ச் 12

அன்புள்ள வாத்துக்கு,

நலம். மாமாவின் சளி போயிற்றா? வெந்நீர் குடிக்கச் சொல்.

மெஷின்கள் நின்றன என்று நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

இங்கே அலுவலகத்தில் புதிதாக ஒரு ஒலிநாடா வாங்கியிருக்கிறார்கள். பேருந்தில் அதுதான் இப்போது பேசுகிறது. எனக்குக் கொஞ்சம் ஓய்வு. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் உட்கார்கிறேன். வெயில் இல்லை, நல்ல காற்று.

கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கேட்டாயே, உள்ளே விடாவிட்டாலும் எழுதிவிடுகிறேன். மேலே ஏறியதும் எல்லோரும் ஓடிப்போய்க் கடலைப் பார்ப்பார்கள். நான் விடமாட்டேன். கடல் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் ஊர்ப் பக்கம் திரும்புங்கள் என்பேன். மொட்டை மாடிகளில் துணி காயும். துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் குனிந்து நிமிரும். தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியும். அப்புறம் சொல்வேன்: "உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுங்கள்." உள்ளூர்க்காரர்கள் காட்டுவார்கள். எங்கிருந்தோ வந்தவர்களும் கொஞ்சம் யோசித்து எதையாவது ஒரு திசையைக் காட்டுவார்கள். காட்டாமல் நின்றவர்களை நான் பார்த்ததில்லை. கடைசியில் யாராவது "உங்க வீடு எங்கே?" என்று என்னைக் கேட்பார்கள். நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையை நீட்டுவேன். தொட்டிக்கும் அப்பால், மலைக்கும் அப்பால் நீ இருக்கிறாய்.

பிறந்த நாளன்று போன் வரும்.

ரேடியோ


மார்ச் 26

ஓட்டுநர் அண்ணனுக்கு,

நாளைக்கு அக்காவிடம் நீங்கள்தான் நான். வேறு வழியே இல்லை. கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

அவளை வாத்து என்று கூப்பிட வேண்டும். நீ, போ, வா என்றுதான் பேச வேண்டும். மரியாதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், உடனே சந்தேகம் வந்துவிடும். உங்கள் குரல் அவளுக்குப் பழக்கமானது, அதனால் தொண்டையை மாற்றிப் பேசுங்கள், சந்தேகப்பட்டால் சளி என்று இருமுங்கள். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். நான் பேருந்தில் பேசியதெல்லாம் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடம்தானே. சீக்கிரம் வைத்துவிடுங்கள்.

நான் பக்கத்துப் படியிலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும், அது போதும் எனக்கு.

மேல்மாடி


ஏப்ரல் 2

ரேடியோவுக்கு,

போனில் ரேடியோ என்று பேசியது உன் கீழ்மாடி ஓட்டுநர்தானே?

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். கடையில் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு என்னைச் சுற்றி நிற்கிறார்கள். மணி அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ, வாத்துங்களா?"

"ஆமா, யாரு?"

"நான்தாங்க ரேடியோ. ரேடியோதான். பிறந்த நாள் வாழ்த்துங்க. வாழ்த்து."

ஒரு இருமல். நான் சாப்பிட்டாயா என்றேன், தூங்கினாயா என்றேன், மகள் எழுதிய கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், புது வாடிக்கையாளர் வீட்டுத் திரைச்சீலை ஜன்னலைவிட நீளமாகிப்போன கதையை முதலிலிருந்து முடிவு வரை சொன்னேன். மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தார்கள். நான் முடித்த பிறகு "சரிங்க" என்றார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. என் தம்பியாவது, நான் ஒரு கதையை முடிக்கும் வரை காத்திருப்பதாவது!

"உன் தொண்டை எப்படிடா இருக்கு?" என்று கேட்டேன். மறுபடி ஒரு இருமல். அப்புறம், சீட்டில்லாமல் கண்டக்டரிடம் மாட்டிக்கொண்டவர் குரலில் வந்தது:

"உங்கள் இடது பக்கத்தில் தெரிவது கலங்கரை விளக்கம். தினமும் மாலை ஐந்து மணி வரை திறந்திருக்கும். வெள்ளையடிக்கும் வேலை போன வருடமே முடிந்துவிட்டது."

போன் வைக்கப்பட்டது.

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் அழுகை வந்தது. கடிதம் எழுதுகிறவன் நீதான், அதில் சந்தேகமில்லை, அந்தக் குருவியை வேறு யாராலும் எழுத முடியாது. அப்படியென்றால் ஏன் நீ பேசவில்லை? என்ன ஆயிற்று உனக்கு? எதுவாக இருந்தாலும் எழுது. ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

உன் கடிதம் வந்து நிறைய நாளாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

எனக்குக் குரல் இல்லை. தொண்டையில் கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார், நீ அதை நினைத்துப் பயப்படாதே. நன்றாகச் சாப்பிடுகிறேன், நடக்கிறேன், தூங்குகிறேன். வாயைத் திறந்தால் காற்று வருகிறது. அவ்வளவுதான்.

உனக்குச் சொல்லாமல் மறைத்தது தப்பு. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வராதே அக்கா. மைக்கைப் பிடித்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னவன் இப்போது ஜன்னலுக்குப் பின்னால் சீட்டுக் கிழிக்கிறான். நீ ஒவ்வொரு இடத்திலும் நின்று என் முகத்தைப் பார்ப்பாய், நான் எதுவும் சொல்லாமல் நிற்பேன். அந்த ஊர்சுற்றல் யாருக்கு வேண்டும்? உன் நினைப்பிலாவது நான் பேசிக்கொண்டிருக்கட்டும்.

மாமாவிடம் சொல். ஓட்டுநர் அண்ணன் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பாவம், அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

மே மாதம் ஏழாம் தேதி காலை ரயில். நிலையத்துக்கு வா. நீ ஒன்றும் பேச வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன்.

ஓட்டுநரைச் சாப்பிடச் சொல்.

வாத்து


ஜூன் 5

அன்புள்ள வாத்துக்கு,

நீங்கள் நல்லபடியாக ஊர் சேர்ந்த செய்தி கிடைத்தது. நான் நலம். மாமாவின் கால் வீக்கம் வடிந்ததா? கலங்கரை விளக்கத்துக்கு ஏன் லிஃப்ட் வைக்க வேண்டும் என்று அவர் மேலே நின்று செய்த சொற்பொழிவை ஓட்டுநர் அண்ணன் இன்னும் எல்லோரிடமும் நடித்துக் காட்டுகிறார்.

ரயில் நிலையத்தில் நீ அழுவாய் என்று பயந்து ஒரு கைக்குட்டையோடு வந்திருந்தேன். நீயோ பையை என் கையில் திணித்துவிட்டு, "ஜன்னல் சீட்டே கிடைக்கலடா" என்று ஆரம்பித்தாய். வீடு வந்து சேரும் வரை நிறுத்தவில்லை. மாமா என் காதருகே வந்து, "இத்தனை வருஷமா சேத்து வெச்சிருக்கா, நீ மாட்டிக்கிட்ட" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சத்தம் வராவிட்டாலும் சிரிப்பு சிரிப்புதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பேருந்தில் நடந்ததை நீ ஊரில் மாற்றிச் சொல்கிறாயாம், மாமா எழுதியிருக்கிறார். நான் உன் கையில் மைக்கைக் கொடுக்கவில்லை. நீதான் பிடுங்கினாய். சிக்னலில் வண்டி நின்றுவிட்டது, அந்த ஒலிநாடா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "உங்கள் வலது பக்கத்தில் புகழ்பெற்ற அருங்காட்சியகம்" என்றது. வலது பக்கத்தில் செருப்புக் கடை. பின்னால் இருந்த ஒருவர் "டிக்கெட் வாங்கணுமா, செருப்பு வாங்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுந்தாய். "அண்ணே, அதை நிறுத்துங்க" என்றாய். கைப்பையிலிருந்து என் கடிதங்களை எடுத்தபோது என் உயிர் போய்விட்டது.

அக்கா, எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவேன். நீயும் அதே இடத்தில் நிறுத்தினாய். யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது? குருவி வந்ததும் பேருந்தே அமைதியாகிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் சொல்வானேன், அழுதேன். குரல் போனதற்காக இல்லை. என் பேச்சு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது உன் கைப்பையில் இருந்திருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். அன்று வந்தவர்களில் யாரோ மேலாளரைத் தேடிப்போய்ப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த அம்மாவை வைத்தே ஒலிநாடா எடுக்க முடியுமா என்று அவர் கேட்கிறார். நான் புதிதாக எல்லா இடத்துக்கும் எழுதி அனுப்புகிறேன். நீ படித்து அனுப்பினால், முன் இருக்கையில் உட்கார்ந்து இடம் பார்த்துப் பொத்தானை அழுத்துகிற வேலை எனக்கு. சீட்டு ஜன்னலிலிருந்து மறுபடியும் பேருந்துக்குள் போய்விடுவேன். மாட்டேன் என்று சொல்லிவிடாதே.

ரேடியோ


ஜூலை 9

அன்புள்ள ரேடியோவுக்கு,

நலம். மாமாவின் கால் சரியாகிவிட்டது, வாய்தான் இன்னும் வலிக்கிறது, கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசிப் பேசி.

பொட்டலத்தில் இருப்பது ஒலிநாடா. உடைக்காமல் பிரி.

முதலில் வீட்டில் எடுத்துப் பார்த்தோம். தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டுக் குழந்தை, தண்ணீர்க் குழாய் என்று ஊரே உள்ளே வந்துவிட்டது. கடையில் திரைச்சீலைத் துணி அடுக்கும் அறை இருக்கிறதே, அங்கே போனோம். நாலு பக்கமும் துணிச் சுருள். கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டு வராது. மாமா பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டார். தன் வேலையில் பொத்தானை அழுத்தியே பழகிய கை, சரியாக அழுத்தினார். கடைப் பெண்களெல்லாம் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். எதிரே முகங்கள் இல்லாவிட்டால் எனக்கு வார்த்தை வராது என்று சொல்லிவிட்டேன். மீன் காட்சியகம் வரும்போது ஒருத்தி சிரித்த சத்தம் பதிவாகியிருக்கிறது. திமிங்கிலத்துக்கு நடுவில் நான் ஒரு தும்மல் போட்டேன். மறுபடி எடுக்கலாம் என்றார் மாமா. இருக்கட்டும் என்றேன். பேருந்தில் வருகிறவர்கள் தும்மமாட்டார்களா?

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. காசு கொடுத்து ஏறுகிறவர்கள் தலையெழுத்தா, இந்த வாத்துக் குரலைக் கேட்க வேண்டும் என்று?

ஒரு நிபந்தனை. கலங்கரை விளக்கம் வரும்போது கடைசியில் உன் எழுத்தில் இல்லாததை நான் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். அறையில் போட்டுக் கேட்காதே. பேருந்தில் கேள். குறுக்கே நிறுத்தாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். இனி ஞாயிறு தோறும் போன் செய்வேன். குளித்துக்கொண்டிருந்தாலும் வந்து எடு. நீ பேச வேண்டியதில்லை, விரலால் தட்டு. கேட்கிறாய் என்று தெரிந்தால் போதும்.

வாத்து


ஆகஸ்ட் 3

அன்புள்ள வாத்துக்கு,

நலம். நீயும் மாமாவும் நலம் என்று நேற்றுப் போனில் நீ சொன்னதிலிருந்தே தெரியும். தட்டித் தட்டி என் விரல் நுனி மரத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஓட்டுநர் அண்ணன், கதவைத் தட்டுகிறவனுக்கு உள்ளேயிருந்து யாராவது திறந்துவிடக் கூடாதா என்று கேட்கிறார்.

போன வாரம் முதல் நாள். முன் இருக்கையில் உட்கார்ந்தேன். மடியில் கருவி. மணிக்கூண்டில் உன் குரல் ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் திடுக்கிட்டு, "யாருப்பா இந்தம்மா, நம்ம வீட்டுப் பொம்பளை மாதிரி பேசுறாங்க" என்றார். சிக்னல் வந்தால் உன்னை நிறுத்தினேன், வண்டி நகர்ந்தால் விட்டேன். செருப்புக் கடைக்கு முன்னால் நீ வாயே திறக்கவில்லை. நீ தும்மியபோது மூன்று பேர் சேர்ந்து "நூறு ஆயுசும்மா" என்றார்கள்.

அக்கா, ஒன்று யோசித்துப் பார். இந்த ஜன்மத்தில் முதல் தடவையாக உன்னை நிறுத்துகிற பொத்தான் என் கையில் இருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்!

கலங்கரை விளக்கத்து மேட்டில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். நீ சொன்னாய், கடல் எங்கேயும் ஓடிவிடாது, முதலில் ஊர்ப் பக்கம் திரும்புங்கள் என்று. வீடு எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுங்கள் என்றாய். மேலே ஏறும் வரை யாரும் காத்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டிவிட்டார்கள். பேருந்து முழுக்கக் கைகள், ஒவ்வொன்றும் ஒரு திசையில். என் எழுத்து அதோடு முடிந்தது. என் விரல் பழக்கத்தில் பொத்தானுக்குப் போய்விட்டது. நல்லவேளை, நீ போட்ட நிபந்தனை ஞாபகம் வந்தது.

ஒரு மூச்சு விட்டுவிட்டு நீ சொன்னாய்: "முன் இருக்கையில ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், பாருங்க. அவர் கடிதம் எழுதி எழுதித்தான் இந்த ஊரை எனக்குக் காட்டினார். நான் படிக்கிறது அவரோட பேச்சு. அவர் என் தம்பி. அவர் எந்தப் பக்கம் கையைக் காட்டுறாரோ, அந்தப் பக்கத்துலதான் நான் இருக்கேன். நான் இங்கே நல்லா இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெரியவர் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்து, "தம்பி, உங்க அக்கா நல்லா இருக்காங்களாம்" என்றார். பின்னாலிருந்து இன்னொருவரும் சொன்னார். கடைசி இருக்கை வரைக்கும் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கையை நீட்டினேன். தினமும் நீட்டுகிறேன். தினமும் யாரோ ஒருவர் எழுந்து வந்து நீ நல்லா இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பொத்தான் மடியிலேயே இருக்கிறது. நீ முடிக்கிற வரைக்கும் நான் அதைத் தொடுவதில்லை.

ரேடியோ